நாளைக்குப் பழையதாகும் கைக்கடிகாரங்கள்

புதுச்சேரியில் நெல்லித்தோப்பிலிருந்து கிழக்கே நடந்து, அண்ணா சாலையைத் தாண்டி, நேரு வீதி வழியாகப் பெரிய மார்க்கெட்டின் மணிக்கூண்டை நோக்கிப் போகிறவர்கள், கண்ணாடி பதித்த சிறு மேஜையொன்றை முன்னால் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணில் உருப்பெருக்கியைச் செருகியபடி குனிந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்க்காரர்களை இன்றைக்கும் அங்கங்கே காணலாம். அந்த மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிற கடிகாரங்களைச் சற்று நின்று பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். ஐம்பது வருஷங்களுக்கு முன் எவரோ உத்தியோகத்தில் சேர்ந்த நாளில் வாங்கிய எச்.எம்.டி. ஜனதா, ஒரு புதுத் தோல் வாரைப் பூட்டிக் கல்லூரி மாணவன் ஒருவன் கையில் கட்டினால் வெகு பொருத்தமாக இருக்கும்; பதினைந்து வருஷங்களுக்கு முன் பெருமையோடு வாங்கிய, தடித்த விளிம்பும் மூன்று உள்வட்டங்களும் கொண்ட பெரிய கடிகாரமோ, அதே மேஜையில் மிகவும் வயோதிகம் அடைந்ததாகத் தோன்றும். வயதில் மூத்தது இளமையாகவும், இளையது முதுமையாகவும் தென்படுவதற்குக் காரணம் என்ன என்று விசாரித்தால், இன்று கடைகளில் மின்னுகிற நூதன வடிவங்களில் எவை இன்னும் இருபது வருஷத்தில் பழசாகப் போகின்றன என்பதையும் ஓரளவு நிதானித்துச் சொல்லிவிடலாம்.

அதற்கு முதலில் இந்த யந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறதென்று அறிந்துகொள்ள வேண்டும். சாவி கொடுக்கும் கடிகாரத்தில், சிறு உருளைக்குள் சுருண்டு கிடக்கும் எஃகுச் சுருள்வில் அவிழ முயல்கிறது; அது ஒரேயடியாக அவிழ்ந்துவிடாதபடி, பற்சக்கரங்களின் வரிசைக்குக் கடைசியில் நிற்கும் ஒரு தடுப்பு, பற்களை ஒவ்வொன்றாகவே விடுவிக்கிறது. அந்தத் தடுப்புக்குக் கட்டளையிடுவது, மயிரினும் மெல்லிய சுருளொன்றால் பிடிக்கப்பட்டு, இப்புறமும் அப்புறமும் ஊசலாடிக்கொண்டே இருக்கும் பேலன்ஸ் சக்கரம். பழைய கடிகாரங்களில் அது மணிக்கு 18,000 தடவை, அதாவது விநாடிக்கு ஐந்து தடவை அடிக்கிறது. இப்போதைய கடிகாரங்கள் பலவற்றில் 28,800 தடவை. டயலில் 17 ஜுவல்ஸ் என்று எழுதியிருப்பதைக் கண்டு அந்நாளில் வாங்கியவர்கள் அகமகிழ்ந்ததுண்டு. அவை செயற்கையாக வளர்த்த மாணிக்கக் கற்கள், அலங்காரத்துக்காக அன்றி, அச்சுகள் தேயாமல் சுழல்வதற்காக வைக்கப்பட்டவை. இத்தனையும் சேர்ந்த யந்திரம் பெரும்பாலும் 25 முதல் 30 மில்லிமீட்டர் அகலத்தில் அடங்கிவிடும். அதைச் சுற்றிப் பெட்டியும், மேலே கண்ணாடியும் அமைத்தால் 33 முதல் 36 மில்லிமீட்டர். ஜனதாவின் அளவு ஏறக்குறைய இதுதான். யாரும் ஆலோசனை சபை கூட்டி நிர்ணயித்த அழகன்று அது. யந்திரத்தின் தேவையும் மனித மணிக்கட்டின் அகலமும் தாமே ஒத்துக்கொண்ட அளவு.

கைக்கடிகாரம் ஆண்களின் கைக்கு வந்ததும் இத்தகைய ஒரு தேவையினால்தான். பாரிஸ் நகரத்தில் விமானம் ஓட்டிய பிரேஸில் தேசத்தவரான சாந்தோஸ் துமோனுக்காக 1904-இல் கார்த்தியே செய்து கொடுத்த சதுரக் கடிகாரம் ஆரம்பங்களுள் ஒன்று. எனினும் அதைச் சர்வ சாதாரணமாக்கியது முதல் உலக யுத்தம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இங்கிருந்து சென்று மாண்ட வீரர்களுக்கு நினைவுச் சின்னம் நிற்கிறதே, அந்த யுத்தத்தில், பதுங்கு குழியில் துப்பாக்கி பிடித்திருப்பவன் சட்டைப்பையிலிருந்து சங்கிலிக் கடிகாரத்தை எடுத்துப் பார்க்க அவகாசம் ஏது? அதற்கு முன் பெண்களின் ஆபரணமாக இருந்தது சிப்பாயின் சாதனமாயிற்று. இருளில் தெரிய வேண்டிப் பெரிய எண்களும் ரேடியம் பூசிய முட்களும் வந்தன.

நம் தேசத்தில் 1865-இலேயே பம்பாயில் கால் ஊன்றிய ஃபாவ்ர் லூபாவும், 1886-இல் அதே நகரத்தில் தொடங்கிய வெஸ்ட் எண்டும் ஸ்விஸ் கடிகாரங்களை விற்றுவந்தன. பின்னர் ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியுடைய உதவியோடு 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி.யின் கடிகாரத் தொழிற்சாலை எழுந்தது. சாமானியனுக்கு ஜனதா, கறுப்பு டயல் விரும்புகிறவனுக்குப் பைலட், கல்யாண மாப்பிள்ளைக்குக் காஞ்சன் என்று ஒரு தலைமுறையின் கைகளை அது ஆண்டது. இந்த மூன்றையும் இன்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டும் சிறிதும் வாடவில்லை. தங்க முலாமும் அகன்ற முகமுமாகச் சபையில் பார்ப்பவர்களுக்காகவே அமைந்த காஞ்சனைக் கண்டதும், அது எந்தக் காலத்துக் கல்யாணம் என்றுகூடச் சொல்லிவிடலாம். காஞ்சன் மட்டமான கடிகாரம் என்று நான் சொல்ல வரவில்லை. அதன் வடிவத்தில் யந்திரம் கேட்டதைவிட அந்தக் காலத்து மோஸ்தர் கேட்டது அதிகம் என்பதே என் அபிப்பிராயம்.

மோஸ்தருக்கு முழுச் சுதந்தரம் கிடைத்தது குவார்ட்ஸ் வந்தபின். 1969 டிசம்பர் 25-ஆம் தேதி டோக்கியோவில் சீக்கோ விற்பனைக்கு வைத்த ஆஸ்ட்ரான், 4,50,000 யென் விலையுள்ள, உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். இக்காலத்துக் குவார்ட்ஸ் கடிகாரத்துள் மின்சாரம் பட்டால் அதிரும் படிகமொன்று விநாடிக்குச் சரியாக 32,768 தடவை அதிர்கிறது. இரண்டை இரண்டால் பெருக்கிப் பெருக்கிப் பதினைந்தாவது படியில் கிடைக்கும் எண் அதுவாகையால், அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடுகிறது. மாதத்தில் சில விநாடிகளுக்கு மேல் பிசகாத இந்தச் சாதனம் மலிந்தபோது, 1970-இல் சுமார் 90,000 பேர் வேலை பார்த்த ஸ்விஸ் கடிகாரத் தொழிலில் பதினைந்தே வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கினரே எஞ்சினர். எச்.எம்.டி.யும் பேலன்ஸ் சக்கரத்தையே பெரிதும் நம்பியிருந்து பின்தங்கிற்று. மத்திய அரசு 2016-இல் அந்தக் கடிகாரப் பிரிவை மூடத் தீர்மானித்தது. டாடாவும் தமிழ்நாட்டின் டிட்கோவும் கூடி 1984-இல் தொடங்கி ஓசூரில் நிறுவிய டைட்டனோ, குவார்ட்ஸையே பிரதானமாகக் கொண்டு முன்னேறியது. 2002-இல் அது வெளியிட்ட எட்ஜ் என்ற கடிகாரத்தின் யந்திரக் கனம் 1.15 மில்லிமீட்டர், முழுக் கடிகாரத்தின் கனம் 3.5 மில்லிமீட்டர். மெலிவு என்னும் ஒரே குணத்துக்காக மற்ற அனைத்தையும் விலக்கிய அந்த வடிவம் இருபது வருஷம் கடந்தும் கண்ணுக்கு உறுத்தவில்லை.

குவார்ட்ஸின் இளமைக் காலத்தில் பிறந்த வேறு சிலவற்றின் கதி அப்படி அல்ல. ஹாமில்டன் 1972-இல் 2,100 டாலருக்கு விற்ற பல்சர், பொத்தானை அழுத்தினால் சிவப்பு எழுத்தில் மணி காட்டும். விளக்கை எப்போதும் எரியவிட்டால் பாட்டரி தாங்காது என்பதனால் அந்தப் பொத்தான். மணி பார்ப்பதற்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்த அக்கடிகாரம், சில வருஷங்களில் எல்.சி.டி. வந்தவுடன் ஓய்ந்து போயிற்று. கால்குலேட்டர் பொருந்திய கடிகாரங்களின் மோகமும் பின்னர் தணிந்தது. ஆனால் அதே எண் காட்டும் வகையைச் சேர்ந்த கேசியோ எஃப்-91டபிள்யூ 1989-இல் வந்த உருவத்திலேயே இன்றும் விற்கிறது. விலை குறைவு, கனம் 21 கிராம், வருஷக்கணக்கில் செல் மாற்ற வேண்டியதில்லை. அதிசயத்துக்காக வாங்கப்பட்டது அதிசயம் தீர்ந்ததும் பழசாயிற்று, பிரயோஜனத்துக்காக வாங்கப்பட்டது அப்படியே நிற்கிறது. பிரெஞ்சு தேசத்து லிப் கம்பெனிக்காக ரோஜே தாலோன் 1970-களின் நடுவில் வரைந்த மாக் 2000, ஒருபுறம் சரிந்த கறுப்புப் பெட்டியும் சிவப்பு, நீலம், மஞ்சள் குமிழ்களுமாக, தான் பிறந்த பத்தாண்டைத் தூரத்திலிருந்தே பறைசாற்றும். அது அழகற்றதன்று, அதன் பழமையே ஒருவகைச் சிறப்பாகி, மறுபடியும் செய்து விற்கிறார்கள். பழசாவதும் மதிப்பிழப்பதும் ஒன்றல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். இந்த நூற்றாண்டின் முதற் பகுதியில் கடிகாரங்கள் வீங்கத் தொடங்கின. 2005-இல் ஹூப்லோ வெளியிட்ட பிக் பாங் 44 மில்லிமீட்டர். பனராய் 47 மில்லிமீட்டரிலும் செய்தது. அவற்றைப் பார்த்து நேரு வீதிக் கடைகளில் கிடைக்கும் மலிவுக் கடிகாரம் வரையில் பருத்துவிட்டது. யந்திரம் பெரிதானதால் பெரிதானவை அல்ல இவற்றிற் பல. திறந்து பார்த்தால் பழைய சிறு யந்திரமே பிளாஸ்டிக் வளையம் ஒன்றினுள் உட்கார்ந்திருக்கும். மணிக்கட்டின் மேற்புறத்தில் தட்டையாக உள்ள பகுதி பலருக்கு 50, 60 மில்லிமீட்டர்தான். வார் மாட்டும் கொம்புகள் அதற்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்போது, கடிகாரம் கையை அணிந்திருப்பதாகத் தோன்றுமேயன்றி, கை கடிகாரத்தை அணிந்ததாகத் தோன்றாது. இந்த வகைக்கு முதுமை வந்தாகிவிட்டது. 36, 38 அளவுகளுக்குக் கம்பெனிகளே திரும்பிக்கொண்டிருக்கின்றன.

அடுத்துப் பழசாகப் போவது, என் அபிப்பிராயத்தில், பெட்டியும் செயினும் ஒரே உலோகமாக ஒழுகி வருகிற கோண வடிவ எஃகுக் கடிகாரம். இதற்கு மூலம் 1972-இல் ஜெரால்ட் ஜென்டா வரைந்த ராயல் ஓக்: எண்கோண விளிம்பு, அதில் எட்டு திருகுகள், அகலம் 39 மில்லிமீட்டர். அக்காலத்தில் அதுவே பெரிது என்று முகம் சுளித்தார்கள். மூலம் ஸ்திரமாகவே நிற்கும். ஆனால், 1978-ஆம் வருஷத்து உருவத்தைத் தழுவி டிஸ்ஸோ 2021-இல் விட்ட பி.ஆர்.எக்ஸ். நன்றாக விற்றதும், உயர்ந்தது மலிந்தது என்ற பேதமின்றிக் கம்பெனிகள் பலவும் இந்த ஒரே வடிவத்தில் இறங்கியிருப்பதால், இதைப் பார்த்தவுடன் வருஷத்தைச் சொல்லிவிடும் காலம் வரும். அதே 2021-இன் இறுதியில் படேக் ஃபிலிப் டிஃப்பனியோடு சேர்ந்து 170 கடிகாரங்களுக்கு மட்டும் கொடுத்த வெளிர் நீலப் பசுமை டயல், மறு வருஷமே எத்தனையோ கம்பெனிகளின் டயலில் ஏறியது. அந்த நிறமும் அப்படித்தான். இவ்வடிவத்தில் வேறொரு சங்கடமும் உண்டு. கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்து தோல் வாரை ஒரு கோடையில் உளுக்கச் செய்யும் நம் ஊரில், 18 அல்லது 20 மில்லிமீட்டர் வார் மாட்டும் கடிகாரத்துக்குத் தெருமுனைக் கடையிலேயே வார் கிடைத்துவிடும்; பெட்டியோடு ஒன்றிய செயினில் ஒரு கண்ணி போனால், அந்த மாதிரி உற்பத்தியில் இருக்கும் வரைதான் கதி.

மூன்றாவது வகையைக் குறித்து எனக்கு மனத்தாங்கலே உண்டு. பழைய டயல்களில் ரேடியத்தோடு துத்தநாக சல்ஃபைடைக் கலந்து பூசினார்கள். ரேடியத்தின் கதிர்வீச்சு அந்தப் பூச்சையே காலக்கிரமத்தில் சிதைத்து, எண்களைத் தேன்நிறமாக்கிவிட்டது. ரேடியத்துக்குப் பின் வந்த டிரிட்டியமும் மங்கிப் பழுத்தது. 1990-களுக்குப் பின் வந்துள்ள கதிர்வீச்சற்ற ஒளிப்பூச்சு அவ்விதம் பழுக்காது. ஆகவே, புதிய கடிகாரத்துக்குப் பழைய தோற்றம் தரும்பொருட்டு, பூச்சிலேயே பழுப்புச் சாயத்தைக் கலந்து விற்கிறார்கள். ஐம்பதுகளில் எடுத்த ராஜா ராணிப் படத்தைப் பாருங்கள்: கிரீடமும் வாளும் சோழர் காலத்தன, மீசையும் புருவமும் ஐம்பதுகளைச் சேர்ந்தவை. முந்திய காலத்தை வேஷம் கட்டும் ஒவ்வொரு பொருளும், அறியாமலே தன் காலத்தின் முத்திரையை ஆழமாகப் பதித்துக்கொள்கிறது. உண்மையில் ஐம்பது வருஷம் வெயிலில் பழுத்த டயலுக்கு உள்ள கண்ணியம் இந்தச் சாயத்துக்கு ஒருகாலும் வராது.

ஸ்மார்ட் வாட்ச் இவை அனைத்திலும் வேறானது. இதயத் துடிப்பை எண்ணுகிறது, நடையை அளக்கிறது, நோயாளிகளுக்கு உண்மையிலேயே உபகாரம் செய்கிறது. அதை மறுப்பது நியாயமன்று. ஆனால் அது பழசாவது உருவத்தினால் அன்று. ஆப்பிள் 2015-இல் 18 காரட் தங்கத்தில், 10,000 டாலரிலிருந்து தொடங்கும் விலையில் ஒன்றை விற்றது. 2018-இல் வந்த புதிய மென்பொருள் அந்த முதல் தலைமுறைக் கடிகாரத்தை ஏற்கவில்லை. தங்கம் தேயவில்லை, கண்ணாடி உடையவில்லை, மூன்றே வருஷத்தில் அது பின்தங்கிவிட்டது. திரை அணைந்தபின் வெறும் கறுப்புச் சதுரமாகிவிடும் ஒரு பொருளைப் பேரனுக்கு எடுத்து வைப்பதில் பொருளில்லை. செல்போனைப்போல் உபயோகித்துத் தீர்க்கும் சாதனம் என்று தெரிந்தே வாங்குவது உத்தமம்.

பள்ளியிறுதி தேறிய பெண்ணுக்கோ பிள்ளைக்கோ வாங்கித் தருவதற்கு எது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது: வட்டமான எஃகுப் பெட்டி, 34-லிருந்து 38 மில்லிமீட்டருக்குள், வெள்ளையோ கறுப்போ ஆன டயல், எந்தக் கடையிலும் கிடைக்கும் அகலத்தில் வார். குவார்ட்ஸாயினும் குற்றமில்லை, சாவி கொடுப்பதாயினும் குற்றமில்லை. வாங்கும்போது பின்மூடியைத் திறக்க முடியுமா, உள்ளே இருப்பது பல கம்பெனிகளும் பயன்படுத்துகிற பொதுவான யந்திரமா என்று கேளுங்கள். அப்படியானால் உதிரிப் பாகங்கள் நெடுநாள் கிடைக்கும். புதுச்சேரியில் வசிப்பவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது பின்மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றிக்கொள்வது நல்லது. அது இறுகி வெடித்த பின் நுழைகிற உப்புக் காற்று, எவ்வளவு உயர்ந்த யந்திரத்தையும் இரண்டு மழைக்காலத்தில் துருவேற்றிவிடும்.