நண்டு ஓட்டின் மேல் நீளும் கயிறு

1992 அக்டோபரில் மெட்ராஸில் புதுவகைக் காலரா ஒன்று தலைகாட்டியது. நோயாளியின் படுக்கையில் பார்த்தால் எல்லாம் பழைய காலராதான். ஆய்வகத்தில்தான் குழப்பம்: ஓ1 வகையைக் காட்டிக்கொடுக்கும் சீரத்தோடு இந்தக் கிருமி ஒட்டவில்லை. விப்ரியோ காலரே கிருமியில் அதுவரை 138 வகைகள் பட்டியலில் இருந்தாலும், கொள்ளைநோயாகப் பரவும் வல்லமை ஓ1 வகைக்கு மட்டுமே என்று நம்பியிருந்தார்கள். 139ஆவதாகச் சேர்ந்த இந்தப் புதியது சில மாதங்களில் கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் போய்விட்டது. பழைய காலராவைக் கண்டு உடம்பில் எதிர்ப்பு வளர்த்திருந்த பெரியவர்களையும் அது விடவில்லை. கடைசியில் அதற்கு 'ஓ139 பெங்கால்' என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர்ப் பெயர் ஒட்டாமல் போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

மரபணுக்களைப் பிரித்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. ஆள் பழைய ஆள்தான். சட்டை மட்டும் புதிது. கிருமியின் மேற்பூச்சைத் தயாரிக்கும் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 22 ஆயிரம் எழுத்துகள் போய், அந்த இடத்தில் 35 ஆயிரம் எழுத்துகள் கொண்ட வேறொரு தொகுதி உட்கார்ந்திருந்தது. ஓரெழுத்து ஈரெழுத்தாகத் திரிந்து இப்படி ஆகாது. எங்கிருந்தோ முழுதாக எடுத்துக்கொண்டதாகத்தான் இருக்க முடியும். ஒரு பாக்டீரியா எப்படி எடுக்கும்?

பதிலின் ஒரு துண்டு, கோவளம் முதல் பாலாற்று முகத்துவாரம் வரை எந்த மீனவர் குப்பத்திலும் காலில் குத்தும் பொருள்: நண்டு ஓடு. நண்டுக்கும் இறாலுக்கும், கண்ணுக்குத் தெரியாமல் நீரில் மிதக்கும் நுண்ணிறால் போன்ற உயிரிகளுக்கும் மேலோடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. விப்ரியோ குடும்பத்துக்குச் சொந்த ஊர் உவர்நீர்க் கழிகளும் முகத்துவாரங்களும். கைட்டின் அதற்குச் சாப்பாடு. 2005இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கேரி ஸ்கூல்னிக்கின் குழு, கைட்டின் மேல் வளரும் காலராக் கிருமி சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து டிஎன்ஏவை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று காட்டியது. 2007இல் அதே குழுவைச் சேர்ந்த மெலனி ப்ளோகெஷ் இன்னும் ஒரு படி போனார். கைட்டின் மேல் வளர்ந்த ஓ1 கிருமி, ஓ139இன் டிஎன்ஏவை வாங்கி ஒரே தாவலில் ஓ139 ஆனது. 1992இல் நடந்ததும் இதேதான் என்பதற்கு இது சாட்சியம் ஆகாது. நடக்கக்கூடியதே என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் தேவையுமில்லை.

எடுக்கும் கருவிக்குப் பெயர் பைலஸ். கிருமியின் உடம்பிலிருந்து வெளியே நீளும் கயிறு. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பெரும்பாலும் பைலின் என்ற ஒரே புரதத்தை ஆயிரக்கணக்கில் அடுக்கினால் இந்தக் கயிறு. ஒரு பைலினை வரைந்தால் கொட்டாங்கச்சி அகப்பை மாதிரி இருக்கும்: நீண்ட சுருள் காம்பு, நுனியில் உருண்ட தலை. காம்பின் பெரும்பகுதிக்குத் தண்ணீர் ஆகாது. ரசத்தின் மேல் நெய் ஒதுங்குவது போல, காம்புகள் எல்லாம் ஒன்றையொன்று அண்டி நடுவில் ஒளிந்துகொள்கின்றன. தலைகள் வெளிப்பக்கம் திரும்பி நிற்கின்றன. அகப்பைகளுக்கு இடையில் பசை கிடையாது, நிலையான வேதிப்பிணைப்பும் கிடையாது. அதனால்தான் நினைத்தபோது கோக்கவும் நினைத்தபோது கழற்றவும் முடிகிறது.

கயிறு வளர்வது நுனியில் அல்ல, அடியில். கிருமியின் உட்சவ்வில் பைலின்கள் காம்பைச் செருகிக்கொண்டு காத்திருக்கும். பில்பி என்ற மோட்டார் ஒவ்வொன்றாக எடுத்து அடியில் சேர்க்கச் சேர்க்க, கயிறு மேலே தள்ளப்படுகிறது. கோபுரத்தின் உச்சிக் கலசத்தை முதலில் செய்து, அடியில் நிலை நிலையாகச் செருகி உயர்த்துவதுபோல. பில்டி என்ற இன்னொரு மோட்டார் ஓடினால் எல்லாம் தலைகீழ்: அகப்பைகள் ஒவ்வொன்றாகக் கழன்று சவ்வுக்கே திரும்புகின்றன, அடுத்த முறைக்காக.

இந்தக் கயிறு டிஎன்ஏவைப் பிடித்து இழுப்பதை 2018 வரை யாரும் நேரில் பார்த்ததில்லை. இண்டியானா பல்கலைக்கழகத்தில் கோர்ட்னி எல்லிசனும் அங்கூர் டாலியாவும் சேர்ந்த குழு, பைலினில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை சிஸ்டீனாக மாற்றி, அதில் ஒளிரும் சாயத்தை ஒட்டவைத்தது. நுண்ணோக்கியில் கயிறு நீண்டது, அதன் நுனி டிஎன்ஏவைத் தொட்டது, சுருங்கியது, டிஎன்ஏ கிருமியின் மேல் வந்து சேர்ந்தது. பிடிப்பு நுனியில்தான். அங்கே உட்கார்ந்திருக்கும், எண்ணிக்கையில் குறைந்த வேறுவகைப் பைலின்களில் நேர்மின்னூட்டம் உள்ள இடங்களை மாற்றியபோது பிடிப்பு தளர்ந்தது. டிஎன்ஏ எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதை நினைத்தால் இதில் ஆச்சரியமில்லை.

கிருமியின் வாசலில் பில்க்யூ என்ற புரத வளையம். அதன் வழியாக டிஎன்ஏவின் தலைப்பு உள்ளே வந்ததும் காம்ஈஏ என்ற புரதம் பிடித்துக்கொள்கிறது, பின்வாங்க விடுவதில்லை. உட்சவ்வைக் கடக்கும்போது இரட்டை இழையில் ஒன்று மட்டுமே உள்ளே போகிறது. அதற்கு ஒத்த பகுதி கிருமியின் சொந்த டிஎன்ஏவில் இருந்தால், பழையது விலகிப் புதியது உட்காரும்.

கொனோரியாக் கிருமியின் குடும்பத்தில் காம்பி என்ற பைலின், தன் இனத்து டிஎன்ஏவில் வரும் ஒரு குறிப்பிட்ட எழுத்துத் தொடரைப் பார்த்துப் பொறுக்குகிறது. விப்ரியோ காலரேவுக்கு அந்தச் சாதிமுறை தெரியாது. எந்த டிஎன்ஏ கிடைத்தாலும் இழுக்கும். போதாததற்கு, 2015இல் ப்ளோகெஷின் குழு கண்டது: கைட்டினைத் தொட்டதும் கயிறு மட்டும் தயாராவதில்லை, பக்கத்துக் கிருமிகளைக் குத்திக் கொல்லும் ஈட்டியும் சேர்ந்தே தயாராகிறது. கொன்று, சிந்துவதை அள்ளுகிறது.

அதே கடற்கரையில், முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. கடலோரமாக இறால் பொரிப்பகங்களும் உண்டு. இறால் வளர்ப்பவர்களுக்கு விப்ரியோ என்றாலே வயிற்றில் புளி கரையும். அவர்களைப் பயமுறுத்தும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸும் கைட்டின் கிடைத்தால் டிஎன்ஏவை அள்ளக்கூடியதே. அதன் இறால்கொல்லி நச்சு மரபணுக்கள் மட்டும் வேறு வழியில், பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் பயணம் செய்கின்றன. ஆனால் குளத்து நீரில் மருந்தூற்றும்போது கவனிக்க வேண்டியது வேறு. மருந்தை எதிர்க்கும் மரபணு கொண்ட ஒரு பாக்டீரியா செத்தாலும், அதன் டிஎன்ஏ சிதையும் வரை நீரில் கிடக்கும். இறால் தோலுரிக்கும் குளத்தில் கைட்டினுக்குப் பஞ்சமில்லை. பக்கத்திலேயே, உயிரோடு, கயிற்றை நீட்டியபடி இன்னொன்று.