ஓடியாடும் பையனுக்கு எந்தப் பெட்டி?

ஜூன் பிறந்து முதல் மழை விழுந்ததும் வானவடியில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு விண்ணப்பமும் கூடவே வந்துவிடுகிறது. மைதானங்கள் சேறாகிவிடுகின்றன. கால்பந்து, கோ-கோ, ஸ்கேட்டிங் என்று மாலை முழுதும் வெளியே திரிந்த பிள்ளைகள் செப்டம்பர் வரை நான்கு சுவருக்குள் அடைபட வேண்டும். "ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கிக் கொடுங்கள்" என்ற விண்ணப்பம் அப்போது எழுந்து, தசராத் தள்ளுபடி விளம்பரங்கள் வரும் சமயம் உச்சத்துக்குப் போகிறது. நம் சங்க விழாப் பந்திகளில் இதைப் பற்றி என்னிடம் விசாரித்த பெற்றோர் பலர். இரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவனுக்கு மின்சாரம் ஓடுகிற எல்லாச் சாமானும் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன் என்று நானும் சில மாதம் இதில் இறங்கிப் பார்த்தேன்.

எங்கள் வீட்டிலும் பதினான்கு வயதில் ஒரு பேரன் உண்டு. பள்ளிக் கால்பந்துக் குழுவில் இருக்கிறான். உட்கார்ந்து சாப்பிடுவதே அவனுக்குத் தண்டனை. "பெட்டி வந்தால் மைதானத்தை மறந்துவிடுவான்" என்பது என் மகனின் கட்சி. "வராவிட்டால் மழைக்காலம் முழுக்க மொபைலைப் பிடித்துக்கொண்டு மூலையில் கிடப்பான், பெரிய டி.வி.யில் எல்லோர் கண்முன்னும் விளையாடட்டுமே" என்பது மருமகளின் கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. "மாமா, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று வழக்கு என் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

நம்மில் பலர் இரயில்வே, இராணுவக் குடியிருப்புகளில் 1990-களில் பிள்ளை வளர்த்தவர்கள். அன்று தேர்வு சுலபம். ஜப்பானில் 1983-இல் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் நகல்கள் கடைகளில் குவிந்து கிடந்தன. ஒரு மஞ்சள் கேசட், வாத்து சுட ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, தீர்ந்தது விஷயம். அந்தத் துப்பாக்கியைப் பரணில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு செய்தி: இன்றைய தட்டை டி.வி.யில் அது வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து செத்தது. பழைய பிக்சர் டியூப் அந்த நொடியிலேயே வெளிச்சம் தரும். தட்டைத் திரை தாமதிக்கும்.

இன்று பெரிய கம்பெனிகள் மூன்று. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இரண்டும் 2020 நவம்பரில் இந்தியாவில் 49,990 ரூபாய்க்கும் 34,990 ரூபாய்க்கும் வந்தன. சோனியின் பிளேஸ்டேஷன் 5 நமக்கு 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது. அதற்குப் பின் விலைகள் ஏறியிருக்கின்றன. மூன்றாவது நின்டெண்டோவின் ஸ்விட்ச், 2017-இல் பிறந்தது. பேரனின் நண்பர்களைக் கேட்டால் படத்தின் துல்லியம், வேகம் என்று முதல் இரண்டைத்தான் புகழ்வார்கள். உண்மைதான். ஆனால் உட்கார மாட்டாத பையனுக்கு வாங்கும்போது நான் வேறு இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்பேன். இது அவனை எழுந்து நிற்க வைக்குமா? இதை வைத்துவிட்டு அவனால் எழுந்து போக முடியுமா?

முதல் கேள்விக்கு வருவோம். விளையாடுகிறவனின் உடம்பையே கருவியாக்கும் யோசனையை வீடுதோறும் கொண்டுபோனது 2006-இல் வந்த நின்டெண்டோ வீ. பத்துக் கோடிக்கு மேல் விற்றது. அதன் கைக்கருவிக்குள் இருந்தது முடுக்கமானி. சிலிக்கானில் செதுக்கிய ஒரு துளி எடை, மயிரிழை போன்ற வில்களில் தொங்கும். கை வீசினால் அது பின்தங்கும். பக்கத்துத் தகட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும். அதனால் மின்தேக்கு திறன் மாறும். இதே சாமானைத்தான் நம் இரயில்வேயில் ஓடும் வண்டிக்குள் வைத்துப் பாதையில் எங்கே குலுங்குகிறது என்று அளக்கிறார்கள். தண்டவாளத்துக்கு இது நல்ல சாட்சி. பையன்களுக்குப் போதாது. சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் சுண்டினாலும், முழுக் கையையும் வீசி மட்டை அடித்ததாக வீ நம்பிவிடும். பிள்ளைகள் இதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்தார்கள். சுழற்சியை அளக்கும் கைரோவை 2009-இல் தனியாகச் சேர்க்க வேண்டி வந்தது. வீசிய வேகத்தில் கைக்கருவி பறந்து டி.வி.யில் மோதிய கதைகளும் உண்டு. 2006 டிசம்பரிலேயே 32 லட்சம் மணிக்கட்டு வார்களை மாற்றித் தருவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது.

மைக்ரோசாஃப்ட் 2010-இல் கினெக்ட் என்ற காமிராவை விட்டது. கையில் ஒன்றும் வேண்டாம். அகச்சிவப்பு ஒளியால் நம் உடம்பையே அளந்து திரையில் ஆட வைக்கும். ஏமாற்றுவது கடினம். ஆனால் டி.வி.யிலிருந்து ஆறடி தள்ளி நிற்க வேண்டும், இருவர் என்றால் எட்டடி. நம் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டின் ஹாலில் டீப்பாயையும் சோபாவையும் வாசலுக்கு அனுப்பினால்தான் இது சாத்தியம். 2017-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமானாக யாராவது கினெக்டை மலிவாகக் கொடுத்தால் வாங்குமுன் யோசியுங்கள். எக்ஸ்பாக்ஸ் 360-இன் இணையக் கடையும் 2024 ஜூலையில் மூடப்பட்டது.

ஆக, இன்று மிஞ்சி நிற்பது ஸ்விட்ச்தான். அதற்காக 2019-இல் வந்த ரிங் ஃபிட் அட்வெஞ்சர் என்ற விளையாட்டைப் பார்த்ததும் எனக்குள் இருந்த பழைய என்ஜினியர் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு பிளாஸ்டிக் வளையம். அதில் வலது ஜாய்-கான் என்ற கைக்கருவியைச் செருக வேண்டும். இடது ஜாய்-கான் தொடையில் கட்டும் பட்டைக்குள் போகும். வளையத்தை அமுக்கினாலும் விரித்தாலும் எவ்வளவு பலம் என்று உள்ளே இருக்கும் திரிபுமானி சொல்லிவிடும். பாலங்களின் மேல் வண்டி போகும்போது இரும்பு எவ்வளவு நெளிகிறது என்று அளக்க ஒட்டுகிற அதே ஜாதிச் சாமான்! திரையில் உள்ள வீரன் ஓட வேண்டுமானால் நாமும் நின்ற இடத்தில் ஓட வேண்டும். எதிரியை வீழ்த்த உட்கார்ந்து எழ வேண்டும், வளையத்தை நெரிக்க வேண்டும். நம் விருட்சாசனமும் அதில் ஓர் ஆயுதம். கட்டை விரலை வைத்தால் நாடித் துடிப்பையும் எண்ணிவிடுகிறது. கீழ்வீட்டுக்காரர் மேல் கரிசனம் உள்ளவர்களுக்கு, ஓட்டத்துக்குப் பதில் முழங்காலை மடக்கி நிமிரும் ஓசையில்லாத முறையும் உண்டு. வானவடியின் பழைய சொசைட்டிக் கட்டடங்களில் இது பெரிய உபகாரம்.

சிக்கல் எங்கே என்றால், இது நம் நாட்டுக் கடைக்கு முறைப்படி வருவதில்லை. 2017-இல் ஸ்விட்ச் வந்தபோதும், 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்தபோதும் விற்பனை நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. கேம்ப் எம்.ஜி. ரோட்டிலோ, புத்வார் பேட்டையிலோ கிடைப்பது வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி. கம்பெனி உத்தரவாதம் கிடையாது, கடைக்காரரின் வாய்மொழிதான் உத்தரவாதம். இதில் ஒரு வேடிக்கை. 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' என்ற விளையாட்டை உருவாக்கியது நம் புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற நிறுவனம். கடத்தப்பட்ட தம்பியைத் தேடி அசுரர்களோடு மோதும் ஒரு சிறுமியின் கதை. இராஜஸ்தானக் கோட்டைகளும் கையால் தீட்டிய மலைநாட்டு ஓவியப் பாணியும் அதில் உண்டு. 2020 ஆகஸ்டில் அது முதலில் வெளியானது எதில் என்கிறீர்கள்? ஸ்விட்சில்! புனேயில் செய்த பண்டத்தைப் புனேக்காரன் துபாய் வழியாகப் பெட்டி தருவித்து ருசி பார்க்க வேண்டியிருந்தது. பின்னர் அந்த ஆண்டு அக்டோபரில்தான் மற்றப் பெட்டிகளுக்கும் வந்தது.

வெளிநாட்டு உறவினர் மூலம் தருவிப்பவர்கள் பெயரைச் சரியாகச் சொல்லி அனுப்புங்கள். 'ஸ்விட்ச் லைட்' என்று ஒன்று மலிவாக இருக்கும். அதில் ஜாய்-கான் கழலாது, டி.வி.யிலும் இணையாது, அதாவது மறுபடி மொபைல் கதைதான். ஸ்விட்ச் 2-இன் புதிய ஜாய்-கான் அந்த வளையத்துக்குள் பொருந்தாது. பழைய ஜோடி ஒன்று தனியாக வேண்டும். மின்சாரத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். பிளக் முள் மட்டும் தட்டையாக இருக்கலாம், அதற்கு தாப்கீர் கல்லியில் சில ரூபாய்க்கு மாற்றி கிடைக்கும். கைக்கருவியின் குச்சி எந்தக் கம்பெனியானாலும் பெரும்பாலும் உரசித் தேயும் பொட்டென்ஷியோமீட்டர்தான். ரேடியோவின் பழைய வால்யூம் குமிழ் கரகரத்தது நினைவிருக்கிறதல்லவா? அதே வியாதி இதற்கும் வரும். உத்தரவாதமில்லாத பெட்டியில் அந்தச் செலவு நம் தலையில்.

இரண்டாவது கேள்விதான் வீட்டுச் சண்டைகளுக்கு மூலம். "சாப்பிட வாடா" என்று அம்மா கூப்பிடுகிறாள். "ஒரு நிமிஷம்" என்கிறான். இருபது நிமிடம் ஆகிறது. பையன் பிடிவாதக்காரன் என்று நினைக்கிறோம். பாதி நேரம் உண்மை வேறு. தனியாகவோ, பக்கத்தில் உட்கார்ந்த தம்பியோடோ ஆடும் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்கலாம். இணையத்தில் எங்கோ உள்ள எதிராளியோடு ஆடும் ஆட்டத்தை நிறுத்த முடியாது. எழுந்தால் தோல்வி, குழு ஆட்டமானால் கூட்டாளிகளிடம் வசவு வேறு. கால்பந்தாடும் பையனுக்கு இது நன்றாகப் புரியும்; பாதி ஆட்டத்தில் யாராவது மைதானத்தை விட்டுப் போவார்களா? ஆகவே பையனைத் திட்டுவதற்கு முன் ஆட்டத்தைப் பாருங்கள். நிறுத்தி வைக்க முடிகிற ஆட்டம், ஒரே சோபாவில் இருவர் ஆடும் ஆட்டம், பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும் ஆட்டம் என்று தேடி வாங்க வேண்டும். இணைய ஆட்டங்கள் பலவற்றுக்கு மூன்று கம்பெனிகளும் தனிச் சந்தா வசூலிக்கின்றன. அந்தச் சந்தாவைக் கட்டாமலிருப்பது பணத்துக்கும் நல்லது, சாப்பாட்டு நேரத்துக்கும் நல்லது.

சோனியோ எக்ஸ்பாக்ஸோதான் வேண்டும் என்று முடிவானால் தட்டுப் போடும் இடம் உள்ள மாதிரியை வாங்குங்கள். சீரிஸ் எஸ் பெட்டியில் அது இல்லை; ஒவ்வொரு விளையாட்டையும் புதிய விலைக்கு இணையத்தில்தான் வாங்க வேண்டும். தட்டு என்றால் ஆடி முடித்ததும் விற்கலாம், நாலு வீடுகளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். அட்டையின் மூலையில் 3, 7, 12, 16, 18 என்று எண் இருக்கும். அது ஐரோப்பிய வயதுத் தரம். கடினத்தின் அளவு அல்ல. ஆனால் 3 என்று போட்ட கால்பந்து விளையாட்டிலும் வீரர் சீட்டுகளுக்காகப் பணம் பறிக்கும் ஏற்பாடு உண்டு. அப்பாவின் கார்டை அதில் பதித்து வைக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. வீட்டுப் பெட்டிகள் அதில் சிக்குவதில்லை. சீனத்தில் 2021 முதல் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரைதான் இணைய விளையாட்டு. நமக்கு அரசு அப்படிக் கடிகாரம் பார்க்காது. பெட்டிகளிலேயே நேரக் கட்டுப்பாடு வைக்கும் வசதி இருக்கிறது. அதன் ரகசிய எண் பையனின் பிறந்த தேதியாக இல்லாமலிருந்தால் சரி.

இத்தனை சொன்ன பிறகும் மகனின் கட்சிக்கு ஒரு வார்த்தை பாக்கி. ஐந்து முதல் பதினேழு வயது வரை, நாளுக்குச் சராசரி அறுபது நிமிடம் மூச்சு வாங்க உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மழைநாளில் ரிங் ஃபிட் அதில் ஒரு பங்கைக் கொடுக்கும். மைதானத்தைக் கொடுக்காது. ஓட்டத்தில் சட்டென்று திரும்புவது, எதிராளியின் தோள் இடிக்கும்போது காலை ஊன்றுவது, பந்து வரும் திசையைக் கண்ணால் அளப்பது எதையும் வளையம் கற்றுத்தராது. உட்கார்ந்தே பழகிய பிள்ளையை எழுப்ப இது நல்ல கருவி. ஏற்கெனவே ஓடுகிறவனுக்கு நான்கு மாதக் குடை.

எங்கள் வழக்கில் தீர்ப்பு இதுதான்: துபாயிலிருக்கும் மருமகளின் அண்ணன் மூலம் ஸ்விட்ச், வளையத்தோடு. இடம் ஹால், படுக்கையறைக்குப் போகக் கூடாது. இணையச் சந்தா கிடையாது. மழை விட்ட மாலையில் முதலில் பந்து, பிறகு பெட்டி. பேரன் ஒப்புக்கொண்டான், கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு. அக்டோபரில் பயிற்சி மறுபடி தொடங்கியதும் அவன் அதைத் தொடுவது ஞாயிறுகளில் மட்டுமாகிவிட்டது. மற்ற நாட்களில் வளையம் மருமகளிடம்தான். அவள் ஆபீசிலிருந்து வர நேரமானால் நானும் கொஞ்சம் விருட்சாசனம் போடுகிறேன். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டுதான். அதைக் கண்டுபிடிக்கும் உணரி அந்தப் பெட்டியில் இல்லை.