நிற்கும் வண்டியின் பாட்டரியைக் காக்கும் சூரிய ஒளி

ஆனி மாதம் பிறந்ததும் தென்காசி வட்டாரத்தில் சாரல் தொடங்குகிறது. குற்றாலத்தில் அருவிகள் விழ, சிற்றாற்றில் தண்ணீர் வந்து கால்வாய்களில் பாய்கிறது. கார் சாகுபடிக்குத் தொழி உழவும் நடவும் முடிந்தபின் டிராக்டருக்கு வேலை குறைந்துவிடும். சொந்த வயலுக்கும் அக்கம்பக்கத்து வயல்களுக்கும் மட்டும் பழைய டிராக்டர் வைத்திருக்கும் சிறு விவசாயி, அதைக் கொட்டகையில் நிறுத்திவிடுகிறார். அடுத்த பெரிய வேலை பிசானத்துக்குத்தான்.

பிசான உழவுக்கு மடையில் தண்ணீர் வந்த அன்று சாவியைத் திருப்பினால் செல்ப் சுற்றுவதில்லை. 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. மெக்கானிக்கை அழைத்து, பாட்டரியைக் கழற்றிக் கடைக்கு அனுப்பி, சார்ஜ் ஏற்றி வாங்குவதற்குள் ஒரு நாளோ இரண்டு நாளோ போய்விடும். முறைத் தண்ணீர் அதுவரை காத்திருக்காது. பல சமயங்களில் கடைக்காரர், "இது இனி தேறாது, புதிது வாங்குங்கள்" என்று சொல்லிவிடுவார். புதிய பாட்டரிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும்.

உழைத்து ஓடும் வண்டியைவிட, சும்மா நிற்கும் வண்டியில்தான் பாட்டரி விரைவில் கெடுகிறது என்பதை உழவர் பெருமக்கள் மனத்தில் கொள்ள வேண்டும். இதைத் தடுக்கச் சிறிய சூரிய ஒளித் தகடு ஒன்று போதும்.

பாட்டரி ஏன் இறங்குகிறது?

நம் வண்டிகளில் உள்ளது ஈயமும் கந்தக அமிலமும் கொண்ட பாட்டரி. பயன்படுத்தாவிட்டாலும் இதன் மின்சாரம் தானாகவே சிறிது சிறிதாக இறங்கும். வெயில் கூடினால் இறக்கமும் கூடும். ஏறத்தாழ 10 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் உயர்ந்தால் இந்த இறக்கம் இரு மடங்காகிறது.

இப்போதைய கார்களிலும் சிறிய லோடு வண்டிகளிலும் இன்னொரு காரணமும் உண்டு. சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், பூட்டு, கணினிப் பெட்டி ஆகியவை சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இது 40 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்குச் சுமார் 1 ஆம்பியர்-மணி செலவாகும். 40 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள கார் பாட்டரி 20 நாளில் பாதியாகிவிடும். ஜி.பி.எஸ். கருவி பொருத்திய வண்டிகளில் செலவு இன்னும் கூடும்.

சார்ஜ் இறங்கிய பாட்டரியை அப்படியே விட்டுவிட்டால், ஈயத் தகடுகளின் மேல் வெண்மையான ஈய சல்பேட் இறுகிப் படிகிறது. இது நாள்பட இறுகினால் பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. கடைக்காரர் "தேறாது" என்பது இதனால்தான்.

செலவில்லாத வழி முதலில்

தகடு வாங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய டிராக்டரில் சாவியை எடுத்த பிறகு மின்சாரம் இழுக்கும் கருவிகள் பெரும்பாலும் இல்லை. வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால், பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வைத்து, மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றி வந்தாலே போதுமானது. வீட்டருகே மின் இணைப்பும் சார்ஜரும் இருப்பவர்களுக்குத் தகடு தேவையில்லை.

வாரம் ஒரு முறை என்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது பலருடைய வழக்கம். அந்தக் குறைந்த நேரத்தில், குறைந்த வேகத்தில், பாட்டரி முழுவதும் நிறைவதில்லை. டீசல்தான் வீணாகிறது.

மின்சாரம் இல்லாத தோட்டத்துக் கொட்டகையில் வண்டியை நிறுத்துபவர்களுக்கும், கம்பியைக் கழற்ற முடியாத புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் சூரிய ஒளித் தகடு மிகவும் ஏற்றது.

எவ்வளவு பெரிய தகடு?

12 வோல்ட் பாட்டரிக்கென விற்கப்படும் 10 வாட் தகடு, நல்ல வெயிலில் அரை ஆம்பியருக்குச் சற்று மேல் மின்சாரம் தரும். தெளிந்த நாளில் மொத்தம் 2.5 ஆம்பியர்-மணி அளவு கிடைக்கும். ஆனால் நம் பகுதியில் வண்டிகள் நிற்பதோ சாரல் காலத்தில். மூடிய வானத்தில் இதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது அரை ஆம்பியர்-மணி கிடைத்தால் நல்லது.

ஆகவே, பழைய டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் 10 வாட் தகடு போதும். காருக்கும் லோடு வண்டிக்கும் 20 வாட் தகடு வாங்குவதே நல்லது.

சூரிய ஒளித் தகடு நிறைந்த பாட்டரியை நிறைந்தபடியே காக்கும். இறங்கிப்போன பாட்டரியைத் தூக்கி நிறுத்தாது. 75 ஆம்பியர்-மணி பாட்டரி முழுவதும் இறங்கிவிட்டால், 10 வாட் தகட்டால் அதை நிரப்ப நல்ல வெயிலிலேயே ஒரு மாதம் ஆகும். எனவே முதலில் கடையில் முழு சார்ஜ் ஏற்றிய பிறகே தகட்டை இணைக்க வேண்டும்.

எங்கே, எந்தப் பக்கம் பார்த்து வைப்பது?

சில ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில், பயிற்சி ஒன்றுக்காக வெளியூர் செல்ல நேர்ந்தது. என் காரைத் தென்காசியில் வேப்பமரத்தடியில் மூன்று வாரம் நிறுத்தினேன். சிறிய தகடு ஒன்றை முன் கண்ணாடிக்கு உட்புறம் வைத்து, அதன் கம்பியை சிகரெட் லைட்டர் துளையில் சொருகிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது பாட்டரி இறங்கிக் கிடந்தது. மர நிழலும் கண்ணாடியும் ஒளியைக் குறைத்திருந்தன. அதைவிட முக்கியமாக, சாவியை எடுத்ததும் அந்தத் துளைக்கும் பாட்டரிக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும் என்பதை நான் பார்க்கவில்லை. பிறருக்குச் சொல்பவனே செய்த தவறு இது. தகட்டை வெளியே, நிழல் விழாத இடத்தில் வைத்து, கம்பியை நேராகப் பாட்டரியில் இணைக்க வேண்டும்.

தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வைக்கும்படி பொதுவாகச் சொல்வார்கள். ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இருக்கும் தகட்டுக்கு அது சரி. ஆனால் தென்காசி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 9 டிகிரியில் உள்ளது. சித்திரைப் பிறப்பு முதல் ஆவணி முற்பாதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கேதான் நிற்கிறது. ஆகவே சாரல் மாதங்களில் தகட்டை வடக்குப் பக்கம் சிறிது சாய்த்து, புரட்டாசிக்குப் பின் தெற்கே திருப்பி வைக்கலாம். மலையடிவாரக் கிராமங்களில் மாலை வெயில் மலைக்குப் பின்னால் சீக்கிரம் மறைந்துவிடும். அங்கே கிழக்கு வானம் திறந்திருக்கும் இடமாகப் பார்த்து வைப்பது நல்லது.

எப்பக்கம் வைத்தாலும் சிறிது சாய்வு அவசியம். மழைநீர் வழிந்து தூசியைக் கழுவிவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று கூரை ஓட்டையே கிளப்பக்கூடியது. தகட்டைச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும்; கயிற்றால் கட்டுவது போதாது.

இணைக்கும் முறை

1. தகட்டுக்கும் பாட்டரிக்கும் நடுவே சார்ஜ் கன்ட்ரோலர் அவசியம். பாட்டரி நிறைந்ததும் இது மின்சாரத்தைக் குறைத்துவிடும். இரவில் பாட்டரியின் மின்சாரம் தகட்டுக்குத் திரும்பிப் போகாமலும் தடுக்கும். சிறிய கன்ட்ரோலர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

2. கன்ட்ரோலரில் ஈய-அமில பாட்டரிக்கான நிலையைத் தேர்ந்தெடுக்கவும். லித்தியம் நிலையில் வைத்துவிடக் கூடாது.

3. பாட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே 5 ஆம்பியர் பியூஸ் போடவும். கொட்டகையில் எலி கம்பியைக் கடித்தாலும் தீப்பிடிக்காமல் இது காக்கும்.

4. முதலில் பாட்டரியைக் கன்ட்ரோலருடன் இணைத்து, பிறகு தகட்டை இணைக்கவும். கழற்றும்போது முதலில் தகட்டைக் கழற்ற வேண்டும்.

பராமரிப்பு

பாட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் துடைத்து, உலர்ந்த பின் வாசலைன் தடவவும். சோடா நீர் மூடித் துளை வழியாக உள்ளே போகக் கூடாது. மூடி உள்ள பாட்டரியில் மாதம் ஒரு முறை மட்டம் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றவும். கிணற்று நீர், அருவி நீர், அமிலம் எதுவும் கூடாது. சார்ஜ் ஏறும்போது எரியும் வாயு வெளிவருவதால் அருகே பீடி, தீக்குச்சி ஆகாது.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மாலையில் தகட்டைக் கழற்றிவிட்டு, மறுநாள் காலையில் பாட்டரியை அளந்து பார்க்கவும். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்துள்ளது, 12.4 என்றால் முக்கால் பங்கு; 12.2 என்றால் பாதி. 12.4-க்குக் கீழே போனால் தாமதிக்காமல் கடையில் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

தகட்டுக்கும் கன்ட்ரோலருக்கும் ஆகும் செலவு, புதிய பாட்டரி விலையில் ஒரு பகுதிதான். கார் நடவு முடிந்து வண்டியை நிறுத்தும் அன்றே இதைச் செய்துவிட்டால், பிசானத்துக்குத் தண்ணீர் வரும் நாளில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியதில்லை. உழவர் பெருமக்கள் இம்முறையைக் கையாண்டு பயன்பெறலாம்.