முதலாஞ் சங்கிலியும் மன்னாரும்

யாழ்ப்பாண அரசருள் முதலாஞ் சங்கிலியைப் போன்று இருவேறு நினைவுகளில் வாழ்பவன் பிறிதொருவன் இலன். அந்நியரை எதிர்த்து நின்ற வீரன் என்பது ஒரு நினைவு. மன்னாரிற் புதுக் கிறித்தவரைக் கொன்ற கொடியோன் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே வரலாற்று நெருக்கடியின் இரு தோற்றங்கள் என்பதே நமது கருத்து. அந்நெருக்கடியின் களம் மன்னார்க் கடல் ஆகும்.

முதற்கண் சான்றுகளின் தன்மையை நோக்குவோம். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, 1519 அளவில் அரசேறிய முதலாஞ் சங்கிலியையும், 1619இல் ஆட்சியிழந்த இரண்டாஞ் சங்கிலியையும் ஒருவனாகவே கொண்டு கதை சொல்கின்றது. நூறாண்டு இடைவெளி அங்கு மறைந்துவிடுகின்றது. மறுபுறம், போர்த்துக்கேயர் ஏடுகளும் குருமார் கடிதங்களும் சமயப் பரப்பையும் பேரரசையும் மையமாகக் கொண்டு எழுதப்பட்டவை. இரண்டையும் ஒப்பிட்டே நாம் முடிவுக்கு வருதல் வேண்டும்.

மன்னாரின் சிறப்பு அதன் நிலவளத்தில் இல்லை. அரிப்பு, சிலாவத்துறை ஆகிய ஊர்களுக்கு எதிரேயுள்ள முத்துச்சலாபங்களும், இந்தியக் கரையை ஈழத்துடன் இணைக்கும் கடல்வழியுமே அதன் செல்வம். 1344இல் ஈழம் வந்த இபுனு பட்டூட்டா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் முத்துகள் குவிந்திருந்ததைக் குறித்துள்ளார். எனவே மன்னாரின் மீதுள்ள அதிகாரம் யாழ்ப்பாண அரசின் வருவாய்க்கு அடிப்படையாயிற்று எனலாம்.

இந்நிலையை மாற்றிய நிகழ்ச்சி எதிர்க்கரையில் நடந்தது. 1530களின் நடுப்பகுதியில், முத்துக்குளிப்பில் எழுந்த பூசல்களினின்றும் காப்புப் பெறும் பொருட்டு, தூத்துக்குடிக் கரையின் பரதவர் பெருந்தொகையினராய்க் கிறித்தவம் தழுவினர். மதமாற்றத்தோடு அவர்தம் பற்றுறுதியும் போர்த்துக்கல் அரசின் பக்கம் சாய்ந்தது. சலாபங்களின் மீதான செல்வாக்கும் உடன் சென்றது. 1543இல் ஆளுநர் மார்த்தீன் அபொன்சோ த சூசாவின் கடற்படை யாழ்ப்பாணப் பக்கம் தோன்றியபோது, சங்கிலி திறை செலுத்த உடன்பட நேர்ந்தது.

மறு ஆண்டே மன்னார் மக்கள் பிரான்சிஸ் சவேரியாரை அழைத்தனர். அவர் அனுப்பிய குரு ஒருவர் அங்குப் பலருக்குத் திருமுழுக்கு அளித்தார். எதிர்க்கரையில் நிகழ்ந்தது தன் நாட்டிலும் நிகழ்வதாகவே சங்கிலி இதனைக் கண்டான் என்பதிற் தவறில்லை. 1544இன் இறுதியில் அவன் ஆணையால் அறுநூறு முதல் எழுநூறு வரையிலானோர் கொல்லப்பட்டனர். அரசியற் காரணம் உண்டு என்பது கொலையை நியாயப்படுத்தாது. மாண்டோர் பேரரசின் படைவீரர் அல்லர். கடலை நம்பி வாழ்ந்த எளிய மக்கள். தோட்டவெளியில் வேதசாட்சிகளின் பெயரால் விளங்கும் ஆலயம் அவர் நினைவை இன்றும் காக்கின்றது.

மறுபுறத்தாரின் நோக்கமும் தூயதன்று. சங்கிலியைத் தண்டிக்கப் படையெடுக்குமாறு சவேரியார் வற்புறுத்தி, 1545இல் நாகபட்டினத்திற் காத்திருந்தார். அவ்வேளை பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டிற்று; சரக்கு சங்கிலியின் கைப்பட்டது. அதனை மீட்பதே முதன்மையாயிற்று, படையெடுப்புக் கைவிடப்பட்டது. மாண்டவரினும் சரக்கே அதிகாரிகளுக்குப் பெரிதாகத் தோன்றியமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1560இல் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா பெரும்படையுடன் வந்து நல்லூரைக் கைப்பற்றினான். சங்கிலி வன்னிப் பக்கம் பின்வாங்கி உடன்படிக்கைக்கு இசைந்தான். எனினும் விரைவில் மக்கள் கிளர்ந்தெழ, போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை விட்டகன்றனர். இதனையே வீரநினைவு போற்றுகின்றது. ஆனால் திரும்பும் வழியில் அவர்கள் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். புன்னைக்காயற் பரதவர் பலரை அங்குக் குடியேற்றினர்.

தலைநகரைக் காத்த அரசன் கடல்வாயிலை இழந்தான். 1560களில் அவனாட்சி முடிவுற்றது. இழப்பின் பயன் பின்னரே வெளிப்பட்டது. 1591இல் அந்திரே பூர்த்தாடோவின் படை மன்னாரிலிருந்தே புறப்பட்டு யாழ்ப்பாண அரசனைக் கொன்று, எதிர்மன்னசிங்கனை அரசிருத்திற்று. 1619இல் அரசே வீழ்ந்தது.

மன்னாரின் மக்களை அரசனும் அந்நியரும் ஒருங்கே உடைமையாகவே எண்ணினர். முத்தெடுத்தவர் பக்கம் நின்று சங்கிலியின் வரலாற்றை நோக்கும்போது, வீரன், கொடியோன் என்னும் இரு பட்டங்களும் போதாதனவாகின்றன. தன் குடிகளின் நம்பிக்கையை வாளால் பெற முயன்ற அரசு, அவர்கள் வாழ்ந்த கரையையே இழந்தது என்பதே நாம் காணும் உண்மை.