பட்டியலில் ஒரு வரியின் வயது

லண்டன் குராய்டனில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை, "தேத்தண்ணி குடிக்க வாரும் தம்பி" என்று கூப்பிட்டார். போய் உட்கார்ந்ததும் ஜன்னலைக் காட்டினார். தூரத்தில் கிரிஸ்டல் பேலஸ் ஒளிபரப்புக் கோபுரம். 219 மீட்டர் உயரம்.

"கோபுரம் கண்ணுக்கு முன்னாலை நிக்குது. பிறகேன் பிபிசி வருகுதில்லை?"

கூரை ஆன்டெனாவில் பழுதில்லை, வயரிலும் இல்லை. ஆனால் அவர் மாட்டியிருந்தது கடையில் வாங்கிய டிவி அல்ல. மகன் 2011இல் அமைத்துக் கொடுத்த லினக்ஸ் கணினி, அதில் ஒரு யூ.எஸ்.பி ட்யூனர். பல வருடம் பரணில் கிடந்ததைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார். உள்ளே இருந்த அதிர்வெண் பட்டியலைத் திறந்தேன். முதல் வரி 505833330 என்றது. கோளாறு அங்கேதான் இருந்தது.

"உது என்ன நம்பர்?" என்றார். இரண்டு கோப்பை தேத்தண்ணி காலியாகும் வரை அந்த ஒரு எண்ணைப் பற்றித்தான் பேசினோம். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிரிட்டனில் கூரை ஆன்டெனாவுக்கு வரும் டிஜிட்டல் தொலைக்காட்சி யூ.எச்.எஃப் பகுதியில் வருகிறது. அந்தப் பகுதியை 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் 21 தொடங்கி ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். எண்ணை 8ஆல் பெருக்கி 306ஐக் கூட்டினால் அந்தத் துண்டின் நடு அதிர்வெண் மெகாஹெர்ட்ஸில் கிடைக்கும். 21 என்றால் 474. 25 என்றால் 506. ஒரு துண்டுக்குள் ஒரே ஒரு சேனல் மட்டும் வருவதில்லை. பல சேனல்களை ஒன்றாகக் கட்டிய மூட்டை வருகிறது. அந்த மூட்டைக்குப் பெயர் மல்டிபிளெக்ஸ். தொழிலில் இருப்பவர்கள் மக்ஸ் என்பார்கள். ஆக, பிபிசி வேண்டுமென்றால் பிபிசி இருக்கும் மக்ஸ் இந்தக் கோபுரத்திலிருந்து எந்த எண்ணில் வருகிறது என்று ட்யூனருக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்வதுதான் பட்டியல்.

பெரியவரின் பட்டியலில் 506 இல்லை, 505.83 இருந்தது. ஒரு மெகாஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு குறைவு. இதை எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடக் கூடாது. பழைய அனலாக் ஒளிபரப்பும் புதிய டிஜிட்டலும் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளில் குடியிருந்த காலத்தில், ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாமலிருக்க இந்தச் சிறு நகர்வை வேண்டுமென்றே வைத்தார்கள். சில ட்யூனர்கள் இந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொள்ளும், சில சமாளிக்காது. லினக்ஸ் பயனர்கள் பொதுவில் வைத்திருக்கும் பட்டியல் தொகுப்பில், இந்த 167 கிலோஹெர்ட்ஸ் நகர்வுகளையும் சேர்த்துத் தேடுவதற்கென்றே ஒரு தனிக் கோப்பு இருக்கிறது. இப்படி ஒரு கோப்பை யாரோ பொறுமையாக எழுதி வைத்திருப்பது எனக்கு எப்போதுமே மரியாதைக்குரிய காரியமாகப் படுகிறது.

2011இல் அந்த முதல் வரி மிகச் சரி. அப்போது கிரிஸ்டல் பேலஸில் பிபிசியின் டிஜிட்டல் மக்ஸ் 25ஆம் எண்ணில்தான் வந்தது. 2012 ஏப்ரலில் இந்தக் கோபுரத்தின் அனலாக் ஒளிபரப்பு நின்றது. அதுவரை அனலாக் ஐடிவி 23இலும், பிபிசி ஒன் 26இலும், சேனல் 4 30இலும் இருந்தன. காலியான இந்த மூன்று இடங்களையும் பொதுச் சேவை மக்ஸ்கள் எடுத்துக்கொண்டன. பிபிசியின் முதன்மை மக்ஸ் 23க்கு, அதாவது 490 மெகாஹெர்ட்ஸுக்குப் போனது. 25க்கு ஒரு வணிக மக்ஸ் வந்து உட்கார்ந்தது.

ஒளிபரப்பும் முறையும் மாறியது. பழைய வரியில் 2கே, 16 குவாம் என்று இருந்தது. அலை எத்தனை கிளைகளாகப் பிரிந்து வருகிறது, ஒவ்வொரு கிளையும் எவ்வளவு தகவலைச் சுமக்கிறது என்பதை அந்த இரண்டும் சொல்கின்றன. இப்போது 8கே, 64 குவாம். இரண்டு கட்டுமானங்களும் வேறு வேறு. ட்யூனர் பழைய வரியை நம்பி 25இல் போய் 16 குவாமைத் தேடுகிறது, கிடைக்கவில்லை என்று திரும்பிவிடுகிறது. தப்பித் தவறிப் பிடித்திருந்தாலும் அங்கே பிபிசி இல்லை.

உயர்துல்லியச் சேனல்கள் வரும் மக்ஸ் டி.வி.பி-டி2 என்ற அடுத்த தலைமுறை முறையில் வருகிறது. 256 குவாம், 32கே. அதே 8 மெகாஹெர்ட்ஸில் பழைய முறை வினாடிக்கு 24 மெகாபிட் சுமந்த இடத்தில் இது 40 மெகாபிட் சுமக்கிறது. இந்த வரியில் டி2 என்று குறிக்க மறந்தால், அதிர்வெண் சரியாக இருந்தும் பயனில்லை. மற்ற விவரங்களை இன்றைய ட்யூனர்கள் பெரும்பாலும் தாமே கண்டுபிடித்துவிடும் என்பதால், ஒரு வரியில் கட்டாயம் சரியாக இருக்க வேண்டியவை இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம்: அதிர்வெண், தலைமுறை.

"எல்லா நம்பரையும் வரிசையாத் தேடச் சொன்னால் போதாதோ? பட்டியல் எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தேடலாம், நேரம் அதிகமாகும். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. பிரிஸ்டல் பக்கத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்கு மெண்டிப் கோபுரமும் எட்டும், கடலுக்கு அப்பால் வேல்ஸிலிருந்து வென்வோ கோபுரமும் எட்டும். கண்ணை மூடிக்கொண்டு தேடும் பெட்டி இரண்டையும் பிடித்துவிடும். சேனல் வரிசையின் முதல் இடத்தில் வேல்ஸ் செய்தியும், சொந்த ஊர்ச் செய்தி 800க்கு மேல் எங்கோ ஒரு மூலையிலும் போய் உட்காரும். உங்கள் கோபுரத்தின் எண்களை மட்டும் கொடுத்துத் தேடச் சொன்னால் இந்தக் குழப்பம் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ள நாட்டில் கோபுரம் வாரியாகப் பட்டியல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

இந்த ஆயிரத்துச் சொச்சம் நிலையங்களின் எண்களும் அப்படியே நிற்பதில்லை. முன்பு தொலைக்காட்சிக்கு 21 முதல் 68 வரை எண்கள் இருந்தன. 4ஜி கைபேசிச் சேவைக்காக 60க்கு மேற்பட்டதை எடுத்துக்கொண்டார்கள். அடுத்து 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியும் கைபேசிக்கே போனது; அந்த வேலை 2020 ஆகஸ்டில் முடிந்தபோது தொலைக்காட்சியின் மேல் எல்லை 48, அதாவது 690 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிட்டது. 55ஆம் எண்ணில் இடைக்காலமாக ஓடிய ஒரு மக்ஸ் மட்டும் 2022 ஜூன் வரை தாக்குப்பிடித்து நின்றுபோனது. 48ஐத் தாண்டிய எண் ஏதாவது ஒரு பட்டியலில் இன்னும் இருந்தால், அது காலாவதியான வரி என்று எந்தக் கருவியும் இல்லாமலே சொல்லிவிடலாம்.

இவை திட்டமிட்ட மாற்றங்கள். திட்டமிடாததும் உண்டு. 2021 ஆகஸ்ட் 10ஆம் தேதி வட யார்க்‌ஷரில் பில்ஸ்டேல் கோபுரம் தீப்பிடித்தது. முந்நூறு மீட்டருக்கு மேல் உயரமான கோபுரம் அது. அதை நம்பியிருந்த லட்சக்கணக்கான வீடுகளில் படம் நின்றது. அதன் அலையை வாங்கி மறு ஒளிபரப்புச் செய்துகொண்டிருந்த சிறு நிலையங்களும் சேர்ந்தே ஊமையாயின. அக்டோபரில் 80 மீட்டர் உயரத்தில் தற்காலிகக் கோபுரம் ஒன்றை நிறுத்தினார்கள். மீண்டும் ரீட்யூன் செய்யுங்கள் என்று மக்களிடம் பலமுறை கேட்டுக்கொள்ள வேண்டிவந்தது. அந்த மாதங்களில் பில்ஸ்டேல் என்ற பெயரில் இருந்த எந்தப் பட்டியலையும் தேதி பார்க்காமல் நம்ப முடியாது.

அப்படியானால் சரியான எண் எங்கே கிடைக்கும்? முதலாவது, ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் வெளியிடும் நிலையவாரி விவரம். இரண்டாவது, காற்றிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மக்ஸுக்குள்ளும் என்.ஐ.டி என்ற ஒரு சிறு அட்டவணை ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வலையமைப்பின் மக்ஸ்கள் எந்தெந்த அதிர்வெண்ணில் உள்ளன என்று அது பெட்டிக்குச் சொல்லும். ஒரே ஒரு வரி சரியாக இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைக் கண்டுபிடிக்கலாம் என்பது இதனால்தான். ஆனால் இதிலும் கவனம் வேண்டும். சிறு நிலையம் தாய் நிலையத்தின் ஓடையை அப்படியே வாங்கி வேறு எண்ணில் விடும்போது, உள்ளே இருக்கும் அட்டவணை தாய் நிலையத்தின் எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கலாம். அட்டவணையில் அதிர்வெண்ணை 10 ஹெர்ட்ஸ் அலகில் எழுதுவார்கள், கோப்பில் ஹெர்ட்ஸில், பேச்சில் மெகாஹெர்ட்ஸில். மாற்றி எழுதும்போது ஒரு சுழியம் விடுபட்டால் 490 மெகாஹெர்ட்ஸ் 49 ஆகிவிடும்.

என் அபிப்பிராயத்தில், இல்லாத வரியைவிடத் தவறான வரிதான் மோசம். வரி இல்லையென்றால் மனிதர் வேறு வழி தேடுவார். தவறான வரி இருந்தால் ஆன்டெனாவைச் சந்தேகிப்பார், வயரை மாற்றுவார், கூரையில் ஆள் ஏற்றிப் பணம் செலவழிப்பார். பெரியவரும் ஆன்டெனாக்காரரைக் கூப்பிடுவதாகத்தான் இருந்தார்.

பழைய வரியைத் திருத்தி, கோப்பின் தலையில் அன்றைய தேதியையும், எண்ணை எங்கிருந்து எடுத்தேன் என்பதையும் எழுதினேன். 490000000. நாலைந்து வினாடியில் பிபிசி ஒன் வந்தது. பெரியவர் மூன்றாவது கோப்பை தேத்தண்ணி ஊற்றினார்.

நீங்களும் ராஸ்பெரி பையிலோ கணினியிலோ ட்யூனர் வைத்துப் பார்ப்பவராக இருந்தால், எந்த ஊரில் இருந்தாலும் ஓர் உதவி செய்யுங்கள். உங்கள் கோபுரத்தின் எண்கள் மாறியது தெரிந்தால், உங்கள் பெட்டியை மட்டும் சரிசெய்துவிட்டு விட்டுவிடாதீர்கள். பழைய எண், புதிய எண், தலைமுறை, பார்த்த தேதி, இந்த நான்கையும் பொதுப் பட்டியலைப் பராமரிப்பவர்களுக்கு எழுதி அனுப்புங்கள். அவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல் செய்பவர்கள். உங்கள் ஊர்க் கோபுரத்தின் அலை அவர்கள் வீட்டு ஆன்டெனாவுக்கு எட்டாது.