சோம்பல் அல்ல, நோய்!

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு வைத்தியர் என்றே திருநாமம் உண்டு. அமாவாசையன்று பக்தர்கள் அங்குள்ள திருக்குளத்தில் வெல்லத்தைக் கரைத்து, வியாதியும் அவ்வாறே கரைய வேண்டுமென்று பிரார்த்திப்பார்கள். ஆனால் அடியோடு கரையாமல், மனிதனுடன் கூடவே குடியிருந்துவிடும் வியாதிகளும் உலகில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறோம்.

அதன் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். தசைகளைத் தளரச் செய்யும் நோய் இது. காலையில் தேகம் தெம்பாக இருக்கும். உழைக்க உழைக்கப் பலம் குறையும். மாலையில் இமைகள் தாமே கவிழும். ஒரு பொருள் இரண்டாகத் தோன்றும். சோற்றை மெல்லத் தாடை மறுக்கும். படியேறக் கால் மறுக்கும். சற்று இளைப்பாறினால் பலம் ஓரளவு திரும்பும்.

விபரீதமெல்லாம் இதனால்தான் விளைகிறது. "காலையில் நன்றாகத்தானே இருந்தான்! வேலை என்றதும் வியாதியா?" என்று பிறர் கேட்பது இயல்பு அல்லவா? கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடியும் வேளையில் ஒருவருக்குக் கை தளர்ந்தால், மேற்பார்வையாளர் சோம்பல் என்று எண்ணக்கூடும். உரக்கப் பாடம் படிக்கும்போது குரல் தேய்ந்து, கண் சொக்கும் மாணவனை எம்மைப் போன்ற உபாத்தியாயர்கள் தூங்குமூஞ்சி என்று எண்ணக்கூடும்.

உண்மை வேறு. நரம்பின் நுனியில் சுரக்கும் ஒருவகை இரசாயனப் பொருள் தசையின் கதவைத் தட்டுகிறது; கதவு திறந்தால் தசை இயங்கும். இந்நோயில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே அக்கதவுகளைச் சிதைத்துவிடுகிறது. 1934-ம் ஆண்டில் இங்கிலாந்தில் மேரி வாக்கர் என்ற பெண் டாக்டர், நோயாளிகளின் நிலை கியுராரே என்னும் அம்பு விஷம் ஏறியவர்களின் நிலையை ஒத்திருப்பதைக் கண்டார். அவ்விஷத்துக்கு மாற்றான மருந்தை ஊசி மூலம் செலுத்தவே, தொங்கிய இமை உயர்ந்தது! அதே இனத்தைச் சேர்ந்த பைரிடோஸ்டிக்மின் மாத்திரையே இன்று பலருக்கும் கைகொடுக்கிறது. நடிகர் அமிதாப் பச்சன் 1980-களில் இந்நோய்க்கு ஆளாகியும் மீண்டும் திரையில் தோன்றியதை நேயர்கள் அறிவார்கள்.

மாதச் சம்பளக்காரர் பணத்தைச் செலவிடுவதுபோல் நோயாளி பலத்தைச் செலவிடப் பழக வேண்டும். கடினமான வேலைகளைத் தெம்புள்ள வேளையில் முடித்துக்கொள்ளலாம். காய் நறுக்குவதையும் குளிப்பதையும் உட்கார்ந்தே செய்யலாம். வைத்தியர் குறித்த நேரத்தில் மாத்திரை உண்டு, அது வேலை செய்யும் சமயத்தில் சாப்பிட்டால் மெல்லுவதும் விழுங்குவதும் எளிது. குழைந்த சாதம் நல்லது. கடும் வெயிலும் வெந்நீர்க் குளியலும் தளர்ச்சியை மிகுவிக்கும். கிருமிகளைக் கொல்லும் மருந்துகளில் சில இந்நோயை வளர்த்துவிடும். ஆகையால் பல் வைத்தியரிடம் சென்றாலும் நோயின் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும். மூச்சு வாங்கினாலோ, தண்ணீரும் விழுங்க முடியாமற் போனாலோ, ஒரு கணமும் தாமதியாமல் அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். கிரமமான சிகிச்சைக்கோ, திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் ரயிலேறிச் சென்டிரலில் இறங்கினால், எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது.

இவ்வளவும் நோயாளி செய்ய வேண்டியவை. வீட்டார் செய்ய வேண்டியது ஒன்றே. "இன்னும் ஏன் முடிக்கவில்லை?" என்று அதட்டாமல், "இப்போது எவ்வளவு முடியும்?" என்று கேட்டால் போதும். அதற்குக் காசு செலவில்லை. ஆனால், தான் பொய்யனல்ல என்று நிரூபிப்பதிலேயே அவர் விரயமாக்கும் பலம் அவருக்கு மிச்சமாகும்.