ஸ்திரீபார்ட் கற்றுத் தந்த பெண்மை

பெண்மை எனும் பேச்சு – 9

பாய்ஸ் கம்பெனிப் பையன்கள் எல்லோரும் பயந்த ஒரு விஷயம் உண்டு. மகரக்கட்டு உடைவது. நேற்றுவரை வள்ளியாகவும் சீதையாகவும் பாடிக்கொண்டிருந்தவனுக்குக் குரல் திடீரென்று கரகரக்கும். ஸ்திரீபார்ட் கையை விட்டுப் போகும். குரல் தேறினால் ராஜபார்ட். தேறாவிட்டால் வாயில் காப்போன், அதுவும் இல்லையென்றால் ஊருக்கு ரயில். 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா முதல், பின்னால் ஊர் ஊராகக் கொட்டகை போட்ட கம்பெனிகள் வரை பெண் வேஷம் பையன்கள் பாடுதான். சிவாஜி கணேசனே சிறுவனாக மேடை ஏறியது சீதையாக.

ஏறக்குறைய அதே வயதில், ஊரில் அந்தப் பையனின் அக்காளுக்குக் குச்சு கட்டித் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். தாவணி வந்திருக்கும். வாசலில் நிற்காதே, பல்லைக் காட்டிச் சிரிக்காதே, காலை அகட்டி உட்காராதே. பையனுக்குக் கம்பெனி வாத்தியார் பிரம்போடு நின்று சொல்லிக்கொடுத்ததும் ஏறத்தாழ இதேதான்: தலை குனிவு, அளந்து வைக்கும் அடி, ஓரப் பார்வை. அவன் அந்தப் பாடத்தை முடித்துக்கொண்டு வெளியே வரும் வயதில் அவள் உள்ளே போகிறாள். அவன் கற்றதை நடிப்பு என்றார்கள். அவள் கற்றதைப் பெண் குணம் என்றார்கள்.

அமெச்சூர் சபாக்களிலும் இதே கதைதான். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் அவருக்கு ஜோடியாகக் கதாநாயகி வேஷம் கட்டியவர் ரங்கவடிவேலு என்ற நண்பர். இங்கே வயிற்றுப்பாடு இல்லை; படித்த கனவான்கள் ஆசைப்பட்டுச் செய்தது.

நல்ல பெண் வேஷத்தைப் பார்த்த ஆண்கள் சொல்லும் பாராட்டு ஒன்று இன்றும் கிராமத்தில் காதில் விழும்: ‘பொம்பள தோத்தா போ!’ பெண் எந்தப் போட்டியில் தோற்றாள் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் கொட்டகையில் பெண்களும் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் என்ன பார்த்தார்கள்? இதற்கு மராத்தி மேடையில் தெளிவான சாட்சி கிடைக்கிறது. பால கந்தர்வர் என்று புகழ்பெற்ற நாராயண் ஸ்ரீபாத் ராஜஹன்ஸ் (1888–1967) மேடையில் எப்படிப் புடவை கட்டினாரோ, எந்த நகை போட்டாரோ, தலையில் பூவை எப்படிச் செருகினாரோ, அதை அப்படியே வீட்டுப் பெண்கள் பின்பற்றினார்கள். பம்பாய் குஜராத்தி மேடையில் ஜெய்சங்கருக்கு, அவர் கட்டிய ஒரு கதாநாயகி வேஷத்தால் ‘சுந்தரி’ என்பதே பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவருடைய உடையையும் பெண்கள் பார்த்துப் பழகினார்கள்.

ஆணிடம் போய்ப் பெண்கள் புடவை கட்டக் கற்றார்களா என்று சிரிக்கத் தோன்றும். கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு வராது. அது நடுத்தர வீட்டுப் பெண்கள் பொது இடங்களுக்கு வரத் தொடங்கிய காலம். நாலு பேர் நடுவே எப்படி நடப்பது, எப்படி உடுத்துவது என்று பார்த்துக்கொள்ள அவர்களுக்கு முன்மாதிரி யார்? அம்மாவும் பாட்டியும் அடுப்படியைத் தாண்டாதவர்கள். மேடையில் ஆடிப் பாடிய பெண்களையோ ஊர் ‘அப்படிப்பட்டவர்கள்’ என்று ஒதுக்கி வைத்திருந்தது. அவர்களைப் பார்த்து உடுத்தினால் பழி வரும். பால கந்தர்வரைப் பார்த்து உடுத்தினால் பழி இல்லை, ஏனென்றால் அவர் ஆண். அந்தப் பெண்களின் சாமர்த்தியம் எனக்குப் பிடிக்கிறது. வெளியே போவதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது, கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள்.

ஆந்திரத்துக் கூச்சிப்பூடி கிராமத்தில் இது இன்னும் அழுத்தமாக நடந்தது. அந்த ஊர்க் குடும்பங்களில் பிறந்த ஆண் ஒவ்வொருவரும் ஆயுளில் ஒரு முறையாவது சத்யபாமா வேஷம் கட்ட வேண்டும் என்பது சித்தேந்திர யோகியின் பெயரால் வழங்கும் கர்ண பரம்பரைக் கட்டளை. ‘பாமா கலாபம்’ ஆட்டத்தில் பாமா வருவதே ஒரு தனி அழகு. திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, சூரியன், சந்திரன், நாகம் பதித்த நீள ஜடையைத் தூக்கித் திரைக்கு மேலாக முன்பக்கம் போடுவாள். அபிநயத்தில் என்னை ஜெயிக்க ஆள் உண்டா, உண்டென்றால் இந்த ஜடையை அறுத்துக்கொள்ளலாம் என்று சபைக்கு விடும் சவால் அது. முகம் தெரிவதற்கு முன்பே ஜடை பேசிவிடும். வேதாந்தம் சத்யநாராயண சர்மா (1935–2012) அப்படி வாழ்நாளெல்லாம் பாமாவாக நின்றவர்.

பிறகு பெண்கள் வந்தார்கள். அதே கிராமத்திலிருந்து வந்த வெம்பட்டி சின்ன சத்யம் 1963-இல் சென்னையில் கூச்சிப்பூடி ஆர்ட் அகாடமியைத் தொடங்கினார். ஷோபா நாயுடு போன்ற மாணவிகள் அவரிடம்தான் பாமாவைக் கற்றார்கள். தலைமுறை தலைமுறையாக ஆண்கள் செதுக்கிய பெண்ணை, பெண்கள் ஆண் குருவிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். ஆண் பெண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு பிடி கூடுதலாகச் செய்தே ஆக வேண்டும்: இடுப்பில் கூடுதல் வளைவு, கண்ணில் கூடுதல் வெட்டு, கோபத்தில் கூடுதல் கொஞ்சல். பெண் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லையே, பிறகு ஏன் அந்தக் கூடுதலையும் சேர்த்துச் சுமக்கிறாள்? ஆட்டத்தில் மட்டும் இல்லை, சினிமாவில் கதாநாயகிக்கு வெட்கம் சொல்லிக்கொடுக்கும் டான்ஸ் மாஸ்டரைப் பார்த்தாலும் எனக்கு இதே கேள்விதான்.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது. கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார், ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்துக்கு. 1941-இல் ‘சாவித்திரி’யில் எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதர். வேடிக்கை என்னவென்றால், மேடையில் ஔவையாராக நடித்து அந்தப் பெயரையே சேர்த்துக்கொண்டவர் டி.கே. சண்முகம், 1953-இல் படத்தில் ஔவையாராக வந்தவரோ நந்தனாராக நடித்த அதே சுந்தராம்பாள். கிழவி வேஷத்துக்கு மட்டும் நெளிவும் குழைவும் தேவைப்படவில்லை. பெண்மை என்று இவர்கள் சொன்னது எந்த வயதோடு முடிந்துபோகிற சரக்கு என்பது இதிலேயே தெரிகிறது.

தொண்டை மண்டலத்துக் கூத்தில் இன்றும் பெரும்பாலும் ஆண்தான் திரௌபதி. பாரதம் நடக்கும் ஊரில் படுகளத்தன்று பார்க்க வேண்டும். துரியோதனனை மண்ணால் பூதாகாரமாகப் படுக்க வைத்திருப்பார்கள். தலைவிரி கோலமாக வரும் திரௌபதி அதன்மேல் ஏறி, தொடையிலிருந்து ‘ரத்தம்’ எடுத்துக் கூந்தலில் தடவி முடிப்பாள். சுற்றி நிற்கும் பெண்கள் கற்பூரம் காட்டிக் கும்பிடுவார்கள். வேஷம் கட்டியிருப்பவர் பக்கத்து ஊர்க்காரர் என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அந்தக் கும்பிடு நடைக்கோ புடவைக்கட்டுக்கோ இல்லை, முடியாத கூந்தலோடு இத்தனை காலம் காத்திருந்த வைராக்கியத்துக்கு. ஆண்கள் ‘பொம்பள தோத்தா’ என்று சொல்லும் இடம் இது இல்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபால் 2002 முதல் 2020 வரை கட்டைக்கூத்து குருகுலம் நடத்தினார். பையன்களோடு சிறுமிகளும் அங்கே கற்றார்கள், கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டி அரசர் வேஷமும் ஆடினார்கள். பெண்ணால் அந்தக் கனத்தைத் தாங்க முடியுமா என்ற கேள்விக்கு அவர்கள் ஆடியே பதில் சொல்லிவிட்டார்கள். கூத்து பத்து மணிக்குத் தொடங்கி விடியவிடிய நடக்கும், அதுவும் வெளியூரில். கல்யாணம் ஆன பிறகு மருமகளை அதற்கு அனுப்ப எத்தனை வீட்டில் சம்மதிப்பார்கள்? அந்தச் சம்மதத்தைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)